கேஸ் அங்கிள்

எலுமிச்சம்பழத்தால்தான் எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டது. ஹப்சிகுடாவில் அந்த அபார்ட்மென்டுக்குக் குடிபோன முதல் வாரம் அது. பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடிகளை மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்த பச்சை வாளியில் கொட்டிவிட்டுத் திரும்பினால், எதிர்வீட்டு வாசலில் ஒருவர் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு நிற்கிறார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. என்னைப் பார்த்துச் சிரித்தபடியே வாளிக்குள் கையை விட்டு, நான் கொட்டிய மூடிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே எடுத்தார்.

"எலுமிச்சை நக்கோ மா. புளிப்பு ஜாஸ்தியானா உள்ள இருக்கறதுகளுக்கு ஒத்துக்காது. வயிறு கெட்டுடும்."

யார் வயிறு, எங்கே உள்ளே, ஒன்றும் விளங்கவில்லை. 'நக்கோ' என்றால் வேண்டாம் என்று அர்த்தம் என்பதே பொள்ளாச்சியிலிருந்து வந்த எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மனிதர் கொஞ்சம் மறை கழன்றவர் போலிருக்கிறது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இப்போது நாங்கள் அந்த வீட்டில் இல்லை, எதிர்வீட்டுக்காரர்களும் அங்கே இல்லை. ஆனால் இன்றைக்கும் என்னால் எலுமிச்சைத் தோலை மற்றக் காய்த் தோலோடு சேர்த்துக் குப்பையில் போட முடியவில்லை. கை தானாகத் தனியே எடுத்து வைக்கிறது.

வாட்ச்மேனிலிருந்து ஸ்கூல் பிள்ளைகள் வரை எல்லோருக்கும் அவர் கேஸ் அங்கிள். பட்டான்செருவைத் தாண்டி ஒரு ப்ளான்ட் போட்டிருந்தார். சாணியும் காய்கறிக் கழிவும் கோழிப்பண்ணைக் கழிவும் ஒரு பெரிய மூடிய தொட்டிக்குள் போகும். காற்றே படாமல் அது உள்ளே அழுகி வாயுவாகும். அதைச் சுத்தம் செய்து, அழுத்தி, சிலிண்டரில் அடைத்தால் கார், பஸ் எல்லாம் ஓடும். அந்தத் தொட்டியைத்தான் அங்கிள் வயிறு என்பார். லாரி லாரியாகத் தின்னும் அந்த வயிற்றுக்கு எங்கள் அபார்ட்மென்டு வாளி ஒரு பருக்கைக்குக் காணாது. ஆனாலும் தினமும் காலையில் தன் கார் டிக்கியில் அதை ஏற்றிக்கொண்டு போவார்.

"நம்ம வீட்டுக் குப்பையை நாம குடுக்காம, மார்க்கெட்காரன்கிட்ட போய்க் கேட்டா நல்லாவா இருக்கும்?" என்பார்.

அந்தக் காரில் ஆன்ட்டி ஏறமாட்டார். அங்கிளின் மனைவியைச் சொல்கிறேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பினால், முன்னால் அங்கிள் காரில் போவார், பின்னால் ஆன்ட்டி ஆட்டோவில் போவார். "சேர்ந்து வந்தா சாப்பாட்டுப் பந்தியில பக்கத்துல எவளும் உக்காரமாட்டா" என்பது ஆன்ட்டியின் வாதம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் ஒரு தடவை அந்தக் காரில் தார்நாகா வரைக்கும் போயிருக்கிறேன்.

அங்கிளின் தாத்தா ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காக வட ஆற்காட்டிலிருந்து வந்தவர். அதனால் அங்கிளின் தமிழில் பாதி வேலூர், பாதி சிகந்திராபாத். ஆமாம் என்பதற்கு 'ஹவ்', எதற்கு என்பதற்கு 'கைக்கு'. காஞ்சன்பாக்கில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் கொள்முதல் பிரிவில் அதிகாரியாக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவர். கொள்முதல் என்றால் காத்திருக்கவைக்கும் இடம். ஆணி, போல்ட்டிலிருந்து ஆரம்பித்து எதை வாங்கவேண்டுமானாலும் பத்துப் பேர் கையெழுத்து வேண்டும். அந்த வேலையில் இருந்துவிட்டு வந்ததாலோ என்னவோ, அவருக்கு ஒரு வியாதி இருந்தது. யார் என்ன தவறு செய்தாலும் அவர்கள் பக்கத்து நியாயம் இவருக்கு உடனே தெரிந்துவிடும்.

கரன்ட் போனால் நாமெல்லாம் திட்டுவோம். அங்கிள், "பாவம் மா லைன்மேன், இந்த வெயில்ல கம்பத்துல ஏறியிருப்பான்" என்பார். தண்ணீர் டேங்கர் சொன்ன நேரத்துக்கு வராவிட்டால், முன்னால் யாரோ அவசரமாகக் கேட்டிருப்பார்கள். கோயில் வாசலில் புதுச் செருப்பு தொலைந்தபோது, "கால் சுட்டிருக்கும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு வெறுங்காலோடு வந்தார். அன்று ஆன்ட்டி அவர் கால் கொப்புளத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே, "திருடினவனுக்கும் சேர்த்து ஒரு ஜோடி வாங்கி வெச்சுட்டு வாங்க" என்றார். அங்கிள் அதை யோசித்துப் பார்த்ததுபோல் எனக்குத் தோன்றியது.

இப்படிப்பட்ட மனிதர் கண்ணில்தான் அந்தத் திட்டம் பட்டது. கழிவிலிருந்து வாயு எடுக்கலாம், யார் எடுத்தாலும் கேஸ் கம்பெனிகள் வாங்கிக்கொள்ளும் என்று அரசாங்கம் அறிவித்தது. எல்லோரும் பேப்பரில் அதைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினோம். அங்கிள் மட்டும் அதைத் தன் விலாசத்துக்கு வந்த அழைப்பாக எடுத்துக்கொண்டார்.

"சர்க்காரே வாங்கிக்கறேன்னு சொல்லுது. அப்புறம் கைக்கு மா பயம்?"

ஓய்வு பெற்றபோது வந்ததையும், ஆன்ட்டி பெயரில் இருந்த மனையையும் சேர்த்து அதில் போட்டார். அனுமதிகளுக்கெல்லாம் விண்ணப்பம் போட என் வீட்டுக்கு வருவார். ஐடியில் வேலை செய்கிறேன் என்பதால் உலகத்தில் உள்ள அத்தனை வெப்சைட்டுக்கும் நான் பொறுப்பு என்பது அவர் நம்பிக்கை. அந்த அரசாங்க வெப்சைட் இருக்கிறதே, கடைசிப் பக்கம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டு முதலிலிருந்து வா என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளும். நான் பல்லைக் கடிப்பேன்.

"சர்வரைத் திட்டாத மா. எல்லா ஊர்லேருந்தும் போடறாங்க இல்ல? அதுவும் பாவம்தானே."

சர்வருக்காகப் பரிதாபப்பட்ட ஒரே மனிதரை நான் பார்த்துவிட்டேன்.

முதல் முதலாக வாயு வந்த அன்று எங்களை எல்லாம் ப்ளான்டுக்குக் கூப்பிட்டிருந்தார். தொட்டிக்கு மேலே வெள்ளை நிறத்தில் பெரிய ரப்பர் பலூன் உப்பி நின்றது. வாயு சேரச் சேர அது எழும்பும், எடுத்தால் தாழும். ஆன்ட்டி புதுவீட்டில் செய்வதுபோல அந்த வாயுவில் அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சினார். நீல ஜுவாலை சத்தமே இல்லாமல் எரிந்தது. பால் பொங்கியதும் அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். கூப்பிட்ட அதிகாரிகள் ஒருவரும் வரவில்லை. "இயர் எண்டிங் மா. அவங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது" என்றார். அன்றைக்கு அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

கேஸ் கம்பெனியின் லாரி சிலிண்டர்களை அடுக்கிக்கொண்டு வந்து நிரப்பிப் போகவேண்டும் என்பது ஒப்பந்தம். முதலில் நாள் தவறாமல் வந்தது. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். பிறகு வாரத்துக்கு ஒன்று வந்தால் அதிசயம். கேட்டால் பங்க்கில் இவ்வளவு ஓடவில்லை என்றார்கள். குழாய் போட்டுவிட்டால் லாரியே வேண்டாம் என்றார்கள். குழாய் எப்போது வரும் என்றால் ரோட்டைத் தோண்ட அனுமதி வரவேண்டும் என்றார்கள். அங்கிள் ஒவ்வொரு தடவையும் அவர்கள் ஆபீசுக்குப் போய்விட்டு வந்து எங்களிடம் அவர்களுக்காக வாதாடுவார்.

"அந்த சீட்டுல உக்காந்து பார்த்தாத்தான் தெரியும் மா. அவன் ஒரு கையெழுத்து தப்பாப் போட்டா நாளைக்கு ஆடிட் வந்து கழுத்தைப் பிடிக்கும். எல்லாம் நகருது. மெதுவா நகருது, அவ்ளோதான்."

லாரி வராவிட்டால் தொட்டியை நிறுத்திவைக்க முடியாதா என்று கேட்டேன். முடியாது என்றார். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்களுக்குத் தினமும் தீனி போட்டே ஆகவேண்டும். பட்டினி போட்டால் மடிந்துவிடும். மறுபடி எழுப்பி, பழையபடி வாயு எடுக்க மாதக்கணக்கில் ஆகும், முதலிலிருந்து செலவு. தீனி போட்டால் வாயு வரும். வாயு வந்தால் பலூன் உப்பும். எடுக்க ஆள் இல்லையென்றால் பலூன் கிழிவதற்குள் அதை எரித்தாகவேண்டும். அதற்கென்று ஓரத்தில் ஓர் உயரமான இரும்புக் குழாய் இருந்தது. காலையில் மார்க்கெட் கழிவை லாரியிலிருந்து இறக்கி, அரைத்து, உள்ளே தள்ளுவார். மத்தியானம் அந்தக் குழாயின் உச்சியில் எல்லாவற்றையும் கொளுத்துவார். மறுநாள் காலையில் மறுபடி தீனி. பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு வயிறு எரிந்தது.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. ப்ளான்டின் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பேக்கரி. உஸ்மானியா பிஸ்கட்டும் ரஸ்க்கும் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்புகிறவர்கள். விறகு அடுப்புதான். அதன் முதலாளி, தாடி வைத்த ஒரு பாய், சுவர்மேல் கையை ஊன்றி இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பார். இங்கே வானத்தில் ஜுவாலை தகதகவென்று எரியும். அங்கே அவர் ஆட்கள் விறகை ஊதிக்கொண்டிருப்பார்கள்.

"கைக்கு சாப் ஹவா மே ஜலாதே?" என்பார். ஏன் காற்றில் எரிக்கிறீர்கள், ஒரு குழாயைச் சுவருக்கு இந்தப் பக்கம் நீட்டுங்கள், நான் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன், என் அடுப்பும் ஊதவேண்டாம் என்பது அவர் கட்சி.

வேறு யாராக இருந்தாலும் அன்று சாயங்காலமே குழாய் போட்டிருப்பார்கள். அங்கிள் கேஸ் கம்பெனிக்கு விண்ணப்பம் அனுப்பினார். விளைகிற வாயு முழுவதும் கம்பெனிக்கே என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கம்பெனி எடுக்காமல் மிச்சமாவதை மட்டும் பக்கத்து பேக்கரிக்குக் கொடுக்க அனுமதி வேண்டும் என்று பணிவாகக் கேட்டிருந்தார். அனுமதி வரும்வரை எரித்தார்.

"யாருங்க வந்து பார்க்கப் போறா?" என்று ஆன்ட்டி தலையில் அடித்துக்கொண்டார். "எரிக்கறதுக்கு ஒருத்தன்கிட்டயும் பர்மிஷன் கேக்கலையே, குடுக்கறதுக்கு மட்டும் எதுக்குக் கேக்கறீங்க?"

"எரிக்கறதுக்கு ரூல்ல இடம் இருக்கு" என்றார் அங்கிள்.

அந்தப் பதிலைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. சில மாதம் கழித்து முகமெல்லாம் சிரிப்பாக என் வீட்டுக் கதவைத் தட்டினார். அனுமதி வந்துவிட்டதோ என்று நினைத்தேன். "நம்ம விஷயம் டில்லிக்குப் போயிருக்கு மா" என்றார். பெண்ணுக்கு வரன் அமைந்த மாதிரி ஒரு பெருமை அந்தக் குரலில். பாய்க்கும் போய் அதையே சொன்னாராம். பாய் மேலே எரிந்துகொண்டிருந்த ஜுவாலையைக் காட்டி, அதுவும் டில்லிக்குத்தான் போகிறதா என்று கேட்டாராம். அங்கிளே சொல்லிச் சிரித்தார்.

ஒரு நாள் ப்ளான்டைப் பார்க்கப் பெரிய குழு ஒன்று வந்தது. முன்மாதிரித் திட்டம் என்று காட்டுவதற்காகப் படம் எடுக்க வந்தவர்கள். அன்று சனிக்கிழமை, ஆன்ட்டிக்குத் துணையாக நானும் போயிருந்தேன். அங்கிள் கோட்டு போட்டிருந்தார். ஒவ்வொரு இடமாகக் கூட்டிப் போய்க் காட்டினார். வந்தவர்களில் மூத்தவர் நல்ல மனிதர், உண்மையான ஆர்வத்தோடு கேட்டுக்கொண்டு வந்தார். குழாய் உச்சியில் எரிந்ததைப் பார்த்து நின்றார். அது ஏன் எரிகிறது என்று கேட்டார்.

நான் ஆன்ட்டி கையைப் பிடித்தேன். இதைவிட நல்ல சமயம் கிடைக்குமா? கேட்கிறவர் மேலிடத்து ஆள். கேள்வியும் அவராகவே கேட்டது. வாயைத் திறந்து நாலு வார்த்தை சொன்னால் போதும்.

அங்கிள், வந்திருந்த கேஸ் கம்பெனிக்காரர் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. சின்ன வயசு, கழுத்தில் அடையாள அட்டை, கையில் குடிக்காத தண்ணீர் பாட்டில்.

"டெஸ்டிங் சார்" என்றார் அங்கிள். "சேஃப்டிக்காக அப்பப்ப எரிச்சுப் பார்ப்போம்."

மூத்தவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். அந்த ஜுவாலை பின்னால் தெரிகிற மாதிரி எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஆன்ட்டி விறுவிறுவென்று போய் ஆட்டோவில் உட்கார்ந்துவிட்டார். திரும்பி வரும் வழியில் தார்நாகா தாண்டியதும், "அந்தப் பையன் முகத்தைப் பார்த்தாராம். என் முகத்தை எப்பப் பார்க்கப் போறார்?" என்றார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகும் ஒரு கோடை முழுக்கத் தாக்குப்பிடித்தார். கழிவு கொண்டுவரும் லாரிக்காரன் நின்றான். வேலை ஆட்கள் ஒவ்வொருவராகப் பக்கத்து மருந்துக் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். அரைக்கும் இயந்திரம் பழுதானபோது அங்கிளே வெட்டுக்கத்தியை வைத்துக்கொண்டு முட்டைக்கோஸ் இலைகளை நறுக்கி உள்ளே போட்டார் என்று பாய் சொன்னார். எத்தனை நாளைக்கு ஓர் ஆள் நறுக்குவது? கையில் இருந்ததும் தீர்ந்தது. ஒரு நாள் காலை பச்சை வாளி மாடிப்படிப் பக்கத்தில் அப்படியே நிரம்பியிருந்தது. அங்கிள் எடுத்துப் போகவில்லை. எங்கள் யாருக்கும் அவரிடம் போய்க் கேட்கத் துணிவு வரவில்லை.

தீனியை நிறுத்திய அன்றே வாயு நின்றுவிடாதாம். உள்ளே இருப்பதைத் தின்று தீர்க்கும்வரை வந்துகொண்டே இருக்குமாம். பலூன் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே போகும். அங்கிள் தினமும் போய் அதன் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டு வந்தார். பாய் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவாராம். சூடான பிஸ்கட்டைத் தட்டில் வைத்து நீட்டுவாராம். நான் ஒரு தடவை போனபோது வெள்ளை ரப்பர் தொட்டிமேல் மடிந்து கிடந்தது. மழைத் தண்ணீர் தேங்கி அதில் காக்கை குளித்துக்கொண்டிருந்தது. இதற்கு யார் என்ன செய்திருக்க முடியும் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. திட்டத்தில் தப்பில்லை, வாயுவில் தப்பில்லை, மனிதர்களிலும் பெரிய கெட்டவன் என்று ஒருவனைச் சுட்டிக்காட்ட முடியவில்லை. ஆனால் தொட்டி மட்டும் செத்துக் கிடந்தது.

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆன்ட்டி கொடுத்தனுப்பிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். அங்கிள் சோபாவில் உட்கார்ந்திருந்தார். போன் வந்தது. காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அந்தக் கேஸ் கம்பெனிப் பையன்தான். தெலுங்கும் இங்கிலீஷுமாகக் கொட்டினான். மூச்சு வாங்கியது அவனுக்கு.

அரசாங்கத்திலிருந்து புது ஆர்டர் வந்துவிட்டதாம். இனிமேல் கம்பெனிகள் தாங்கள் விற்கும் கேஸில் இந்தக் கழிவு வாயுவைக் கலந்தே ஆகவேண்டுமாம். லாரி தினமும் வருமாம். அங்கிள் எவ்வளவு கொடுத்தாலும் எடுத்துக்கொள்வார்களாம். பேக்கரி விஷயத்துக்கும் டில்லியிலிருந்து சம்மதம் வந்துவிட்டதாம். "சார், முதல் போன் உங்களுக்குத்தான் போடறேன். எப்பலேருந்து லாரி அனுப்பட்டும்?"

ஆன்ட்டி சமையலறை வாசலுக்கு வந்து நின்றார். கையில் மாவு.

அங்கிள் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சால சந்தோஷம் பாபு" என்றார். "நல்ல ஆர்டர். கங்கிராட்ஸ். இங்க ஒரு சின்ன மெயின்டனன்ஸ் வேலை ஓடுது. முடிஞ்சதும் நானே சொல்றேன்."

"டேக் யுவர் டைம் சார்" என்று அவன் வைத்துவிட்டான்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. தொட்டி செத்துப்போச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உங்களால்தான் என்று வேண்டாம், செத்துப்போச்சு என்று மட்டும்?

"பையன் அவ்ளோ சந்தோஷமாச் சொன்னான் மா" என்றார் என்னைப் பார்த்து. "எப்படிச் சொல்றது?"

ஆன்ட்டி வந்து அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார். மாவுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"ஏங்க, அவன்தான் வெச்சுட்டானே. இப்பக் கேக்கமாட்டான். நம்ம ரெண்டு பேரும், இந்தப் பொண்ணும்தான் இருக்கோம். ஒரு தடவை திட்டுங்க. யாரையாவது. எனக்காக."

அங்கிள் நிமிர்ந்து உட்கார்ந்தார். நிஜமாகவே முயற்சி செய்தார், அதை நான் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கழுத்து நரம்பு எழும்பியது.

"இவனுங்க..." என்றார்.

நாங்கள் காத்திருந்தோம்.

"இவங்க எல்லாம்..."

வாய் திறந்தபடியே இருந்தது. சொல் வரவில்லை. முதலில் கண்ணிலிருந்து நீர் வந்தது, பிறகு உடம்பு முழுவதும் குலுங்கியது.

"போதும், விடுங்க" என்று ஆன்ட்டி மாவுக் கையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.